கேட்ட கேள்வியே தப்பு: பண்பாட்டு மானிடவியலுக்கு ஓர் அறிமுகம்

கலஹாரியில், இன்றைய போட்ஸ்வானாவின் வடமேற்கு மூலையில், 1960களில் ஒரு கிறிஸ்துமஸ். வேட்டையாடியும் கிழங்கு, கொட்டை சேகரித்தும் வாழ்ந்துவந்த குங் மக்களோடு தங்கி, அவர்களுக்கு அன்றாட உணவு எங்கிருந்து, எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் ரிச்சர்ட் லீ என்ற இளம் மானிடவியலாளர். தான் உணவு கொடுத்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் கையை இறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் மாதக்கணக்கில் சாப்பிட டின் உணவு இருந்தது. சுற்றிலும் இருந்தவர்களிடமோ ஓரிரு நாளைக்கு மேல் கையிருப்பு கிடையாது. கஞ்சன் என்று பெயர் வாங்கிவிட்டார். அந்தப் பெயரைத் துடைக்க, பண்டிகைக்கு எல்லோருக்கும் விருந்து வைப்பதென்று முடிவுசெய்து, பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களிடமிருந்து 500 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு கறுப்பு எருதை வாங்கினார்.

செய்தி பரவியதும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்த எலும்புக்கூட்டையா வாங்கினாய்? கிழடு தட்டிப்போன மாடு, இதை எத்தனை பேருக்குப் பங்கு போடுவது, பண்டிகையும் அதுவுமாகச் சண்டைதான் மிஞ்சும் என்றார்கள். நெருங்கிப் பழகியவர்களும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதையேதான் சொன்னார்கள். லீ நொந்துபோனார். கடைசியில் மாட்டை அறுத்து நெஞ்சில் கத்தி வைத்ததும் கெட்டியாக வெள்ளைக் கொழுப்பு வெளிப்பட்டது. இதுவா எலும்புக்கூடு என்று அவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு நாள் இரவு பகலாக விருந்தும் ஆட்டமும் நடந்தன.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. குங் மக்களிடையே பெரிய விலங்கை வீழ்த்திய வேட்டைக்காரன் அதைத் தம்பட்டம் அடிக்க மாட்டான். நெருப்பருகே பேசாமல் உட்கார்ந்திருப்பான். யாராவது கேட்டால், சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை, ஏதோ சின்னதாக ஒன்று என்பான். பெரிய விலங்கு விழுந்திருக்கிறது என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். மறுநாள் அதைச் சுமந்துவரப் போகும்போது, இந்த நோஞ்சானுக்கா எங்களை இவ்வளவு தூரம் இழுத்தாய் என்று அவர்களும் பழிப்பார்கள். நிறையக் கறி கொண்டுவருகிற இளைஞனுக்குத் தான் பெரிய ஆள் என்ற எண்ணம் வந்துவிடும், அந்தத் தலைக்கனம் ஒரு நாள் யாரையாவது கொன்றுவிடும், அதனால் அவன் கொண்டுவந்த கறியைப் பழித்து அவன் நெஞ்சின் சூட்டைத் தணிக்கிறோம் என்று விளக்கினார்கள். எருது வாங்கித் தந்த லீக்கும் அந்த வைத்தியம்தான் நடந்திருக்கிறது.

எவ்வளவு உணவு என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, உணவு கொடுப்பவன் மற்றவர்கள் கண்ணில் யாராகிறான் என்ற கேள்வி தோன்றவே இல்லை. அவமானப்பட்ட பிறகுதான் தோன்றியது. பண்பாட்டு மானிடவியலை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. விடை தேடிப் போனவரின் கேள்வியே தப்பு என்று அங்கிருப்பவர்கள் காட்டிக்கொடுப்பதில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் பிறந்திருக்கின்றன.

சரி, இந்தத் துறை எதைப் பற்றியது? மானிடவியல் மனிதரை நாலு பக்கத்திலிருந்து பார்க்கிறது. உடலும் பரிணாமமும் ஒரு கிளை, தொல்லியல் ஒரு கிளை, மொழி ஒரு கிளை. நாலாவது பண்பாட்டு மானிடவியல். இங்கே பண்பாடு என்றால் நல்லொழுக்கமோ கலை ரசனையோ அல்ல. எட்வர்ட் டைலர் 1871-ல் கொடுத்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது. அறிவு, நம்பிக்கை, கலை, அறநெறி, சட்டம், வழக்கம் என ஒரு சமூகத்தின் உறுப்பினராக இருந்து மனிதன் பெற்றுக்கொள்ளும் எல்லாம் சேர்ந்த முழுமைதான் பண்பாடு என்றார் அவர். 'பெற்றுக்கொள்ளும்' என்ற சொல்லில்தான் கனம் இருக்கிறது. பசி பிறவியிலேயே வருகிறது. எதை உணவாகக் கருதலாம், யார் முன்னால் சாப்பிடக் கூடாது, மிச்சம் வைப்பது மரியாதையா அவமரியாதையா என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொள்பவை. ஒட்டிக்கொண்டது தெரியாத அளவுக்கு ஒட்டிவிடுவதால், நேரே கேட்டால் யாராலும் சொல்ல முடிவதில்லை. படிவம் நீட்டிப் பதில் வாங்குவது இங்கே பாதித் தூரம்தான் போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் பலருக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. பாதிரியார்களும் அதிகாரிகளும் பயணிகளும் எழுதி அனுப்பியதை நூலகத்தில் உட்கார்ந்து படித்து, காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மனிதகுலத்தை ஏணிப்படிகளில் அடுக்கினார்கள். உச்சிப்படியில் யார் நின்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஏணி அடுக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் ஹென்றி மார்கனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், தமிழ் படிப்பவர்கள் குறிப்பாக. நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர். அங்கே வாழ்ந்த செனகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதையும், அவர் பிள்ளைகளை உடன்பிறந்தவர்களாகக் கொள்வதையும், அம்மாவின் சகோதரனுக்கு மட்டும் வேறு சொல் வைத்திருப்பதையும் கவனித்தார். ஆங்கிலத்தில் அப்பாவின் சகோதரனுக்கும் அம்மாவின் சகோதரனுக்கும் ஒரே சொல் இருக்கும்போது இது என்ன ஏற்பாடு? உறவுச் சொற்களைக் கேட்டு நீண்ட வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து உலகெங்கும் அனுப்பினார். தமிழ்ச் சொற்கள் ஒரு பாதிரியார் வழியாக வந்துசேர்ந்தன. பார்த்தால் அதே ஏற்பாடு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறப்புகள், மாமன், அத்தை பிள்ளைகள் தனி. மார்கன் துள்ளிக் குதித்து, செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சாட்சி என்று 1871-ல் வெளிவந்த தன் பெருநூலில் வாதிட்டார். அந்த வாதம் நிற்கவில்லை. தொடர்பே இல்லாத மக்கள் ஒரே வகை உறவுமுறைக்கு வந்துசேரலாம். ஆனால் யார் யாருக்கு உறவு என்பதை ரத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கு இடத்துக்கு இடம் மாறும் என்ற கண்டுபிடிப்பு நின்றது. அமேசான் காட்டு மக்களைப் பற்றி எழுதும்போதுகூட 'திராவிட வகை உறவுமுறை' என்று மானிடவியலாளர்கள் எழுதுவது இந்த வழியில் வந்ததுதான்.

ஏணியை உடைத்ததில் பெரும் பங்கு ஃபிரான்ஸ் போவாஸுடையது. கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கிய ஜெர்மானியர். 1883-ல் கனடாவின் பாஃபின் தீவுக்குப் போய் இனூயிட் மக்களோடு ஓராண்டு தங்கினார். பிறகு 1887-ல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தோடு ஒரு தகராறு. அங்கே எல்லா மக்களின் அம்புகளும் ஓரிடத்தில், எல்லாக் கிலுகிலுப்பைகளும் ஓரிடத்தில் என்று எளிமையானதிலிருந்து சிக்கலானது வரை வரிசையாக வைத்திருந்தார்கள். போவாஸ் ஆட்சேபித்தார். ஒரு கிலுகிலுப்பை குழந்தைக்கு விளையாட்டுச் சாமானாக இருக்கலாம், இன்னொன்று ஆவியை அழைக்கவோ விரட்டவோ பயன்பட்டிருக்கலாம். இரண்டும் ஒலி எழுப்புகின்றன என்பதற்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிந்துவிடும்? அந்தந்த மக்களின் மற்றப் பொருள்களோடு சேர்த்து வையுங்கள் என்றார். பார்வைக்குச் சின்னச் சண்டை. ஒரு பொருளின் அர்த்தம் அந்தப் பொருளில் இல்லை, அதைச் சுற்றி இருக்கும் வாழ்க்கையில் இருக்கிறது என்ற கருத்துக்கு அதில்தான் அடித்தளம் விழுந்தது.

களப்பணி என்ற முறைக்கு முகம் கொடுத்தவர் போலந்துக்காரரான மலினோவ்ஸ்கி. 1914-ல் ஒரு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போனார், முதல் உலகப் போர் வெடித்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பிரஜை, அதாவது பிரிட்டனுக்கு எதிரி நாட்டவர். ஆனாலும் ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்தது. நியூகினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் மொத்தம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தார். ஊர் நடுவே கூடாரம் போட்டு, மொழியைக் கற்று, அடுப்பு மூட்டுவதிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டைவரை எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார். பங்கேற்று உற்றுநோக்கல் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். எழுதுவதற்கு எளிது. உண்மையில் அது மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பது, அசடு வழிவது, சலித்துப்போவது.

அப்படி இருந்து அவர் விவரித்ததுதான் குலா என்ற பரிமாற்றம். செந்நிறச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு கடிகாரச் சுற்றிலும், வெள்ளைச் சங்குக் கைவளைகள் எதிர்ச்சுற்றிலும் போய்க்கொண்டே இருக்கும். இவற்றுக்காக ஆண்கள் ஓடங்களில் ஆபத்தான கடற்பயணம் செய்தார்கள். மாலைகளை அன்றாடம் அணிவதில்லை, நிரந்தரமாக வைத்துக்கொள்வதும் இல்லை. கொஞ்ச காலம் கையில் இருக்கும், பிறகு அடுத்த தீவுக் கூட்டாளிக்குப் போகும். இதில் என்ன லாபம் என்று வெளியாள் கேட்பான். அந்தத் தீவுகளில் பேரம் பேசி நடக்கும் சாதாரணப் பண்டமாற்று தனியாக உண்டு, அதன் பெயர் கிம்வாலி. குலாவில் ஒருவன் அற்பத்தனமாக நடந்துகொண்டால், 'கிம்வாலி மாதிரி குலா செய்கிறான்' என்று ஏசுவார்கள். இரண்டும் வேறு என்று அவர்கள் தெளிவாக இருந்தார்கள். கொடுக்கல் வாங்கல் எல்லாமே வியாபாரம் என்று நினைத்தவர்கள்தான் குழம்பினார்கள். இந்த மாதிரி விவரங்களை வைத்து, கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது மூன்றும் கடமைகள், பரிசு என்பது ஒருபோதும் இலவசமில்லை என்ற வாதத்தை பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ல் முன்வைத்தார்.

ஆனால் ஊர் நடுவே கூடாரம் போட்டவருக்கே ஒன்று சரியாகத் தெரியவில்லை. 1971-ல் அதே தீவுகளுக்கு அனெட் வெய்னர் என்ற மானிடவியலாளர் போனார். முதல் நாளே பெண்கள் அவரை ஓர் இறப்புச் சடங்குக்கு அழைத்துப்போனார்கள். அங்கே காய்ந்த வாழை இலைக் கீற்றுக் கட்டுகளையும் நார்ப் பாவாடைகளையும் ஆயிரக்கணக்கில் பெண்கள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய செல்வம். செத்தவரின் தாய்வழிக் குலம் கடன்பாடுகளைத் தீர்ப்பதும் தன் பலத்தைக் காட்டுவதும் அதில்தான் நடந்தது. ஆண்களின் குலாவைப் பக்கம் பக்கமாக எழுதிய மலினோவ்ஸ்கி இதை அநேகமாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் கண்முன்னால் நடந்திருக்கும். இலைக்கட்டு செல்வமாக இருக்க முடியும் என்று தோன்றாதபோது கண்ணுக்கு அது இலைக்கட்டுதான்.

மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே 1920களின் பிற்பாதியில் வேலை செய்த எவன்ஸ்-பிரிட்சர்ட், சூனியத்தைப் பற்றி எழுதும்போது ஒரு தானியக் குதிர் பற்றிச் சொல்வார். கால்கள் நட்டு உயரத்தில் கட்டிய குதிர், வெயில் நேரத்தில் அதன் நிழலில் ஆட்கள் உட்காருவார்கள். ஒரு நாள் அது சரிந்து ஒருவர் மேல் விழுகிறது. கால்களைக் கரையான் அரித்திருந்தது என்று அசாண்டே மக்களுக்கு நன்றாகத் தெரியும், அதை மறுப்பதில்லை. வெயிலுக்காகத்தான் அவர் அங்கே ஒதுங்கினார் என்பதும் தெரியும். ஆனால் இத்தனை நாள் நின்ற குதிர், குறிப்பாக இவர் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழ வேண்டும்? அதற்கு விடைதான் சூனியம். வேட்டையில் முதல் ஈட்டி எறிந்தவனோடு இரண்டாவது ஈட்டி பாய்ச்சியவனும் சேர்ந்துதான் விலங்கைக் கொன்றதாகக் கணக்கு, யானை ஒருவனைக் கொன்றால் யானை முதல் ஈட்டி, சூனியம் இரண்டாவது ஈட்டி என்று அவர்களே விளக்கினார்கள். நாமாக இருந்தால் தற்செயல் என்று சொல்லி எழுந்துபோவோம். அதுவும் ஒரு விளக்கமா என்று அசாண்டே பெரியவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இதனால் சூனியம் உண்மை என்று ஆகிவிடுமா? ஆகாது. பண்பாட்டுச் சார்பு நோக்கு என்று இதற்குப் பெயர் வைத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டும் கொள்கை என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் புரிந்துகொள் என்பது ஒரு வேலைமுறை. எதையும் தீர்ப்பிடவே கூடாது என்பது வேறு விஷயம். இந்த எல்லைக்கோட்டில் துறையே தடுமாறியிருக்கிறது. உலக மனித உரிமைப் பிரகடனம் தயாரானபோது, அது மேற்கத்திய மதிப்பீடுகளின் பட்டியலாகிவிடும் என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் 1947-ல் அறிக்கை விட்டது. 1999-ல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துத் தனிப் பிரகடனம் வெளியிட்டது. மாற்றிக்கொண்டது நல்லதுதான் என்பது என் கட்சி.

இதெல்லாம் சுவாரசியம், ஆனால் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் குரு நோயைச் சொல்வேன். பாப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடையே 1950களில் ஒரு நோய் பரவியது. நடை தள்ளாடும், உடல் நடுங்கும், சில மாதங்களில் மரணம். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குடும்பம் குடும்பமாக வந்ததால் பரம்பரை நோய் என்ற கருத்து வலுத்தது. 1960களின் தொடக்கத்தில் ஷர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற இரு மானிடவியலாளர்கள் அங்கே தங்கி வம்சாவளிகளைத் திரட்டினார்கள். மருத்துவர்கள் 'குடும்பம்' என்று எழுதிக்கொண்டதில் ரத்த உறவே இல்லாதவர்களும் இருந்தார்கள். ஃபோரே மக்கள் வெளியிலிருந்து வந்தவர்களையும் எளிதாக உறவாக்கிக்கொள்வார்கள். மார்கனின் பழைய பாடம் இங்கே உயிர் போகும் விஷயமாகத் திரும்பி வந்தது. தவிர, ஒவ்வோர் ஊரிலும் குரு முதன்முதலில் எப்போது வந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருந்தது. ஒரு தலைமுறைக்குள் ஊர் ஊராக நகர்ந்து வரும் நோய் பரம்பரை நோயாக இருக்க முடியாது.

செத்தவர்களின் உடலை உறவினர் உண்ணும் சடங்கு அங்கே இருந்தது. மூளை உட்பட உண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், கூடவே குழந்தைகள். ஆண்கள் பலர் தவிர்த்தார்கள். நோயின் வரைபடமும் சடங்கின் வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தின. குரு தொற்றக்கூடியது என்பதைச் சிம்பன்சிகளில் காட்டிய கார்ல்டன் கஜ்டுசெக் 1976-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். மானிடவியலாளர்களின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. நோயின் பெயரைக் கேட்டதும் நரமாமிசம் என்று முகம் சுளித்தவர்களால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோதும், உடல்களை அவசரமாக எடுத்துப்போய்ப் புதைத்த குழுக்களிடமிருந்து மக்கள் நோயாளிகளை மறைக்க ஆரம்பித்தார்கள். குடும்பமும் மதகுருவும் பங்குபெறும்படி அடக்க விதிகளை உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே மாற்றியதில் மானிடவியலாளர்களின் கை உண்டு.

துறையின் கறைகளையும் சொல்ல வேண்டும். காலனி ஆட்சி போட்ட பாதையில்தான் களப்பணியாளர்கள் போனார்கள். எவன்ஸ்-பிரிட்சர்ட் 1930-ல் நூயர் மக்களிடம் போனது சூடான் அரசு கேட்டுக்கொண்டதால். அதற்குச் சற்று முன்புதான் அந்த அரசு அவர்கள் மேல் படை நடத்தியிருந்தது. உன் பெயர் என்ன, உன் குலம் என்ன என்று கேட்டால், அது உனக்கு எதற்கு, தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று திருப்பிக் கேட்டு அவரை அலைக்கழித்தார்கள். அவர் அதை அலுப்போடு, கொஞ்சம் நகைச்சுவையோடு பதிவுசெய்தார். எனக்கு நூயர்காரர் கேட்டதில் நியாயம் தெரிகிறது. மலினோவ்ஸ்கியின் அந்தரங்க நாட்குறிப்பு அவர் இறந்தபின் 1967-ல் வெளியானபோது, தான் யாரைப் புரிந்துகொண்டதாக எழுதினாரோ அவர்கள்மேல் அவருக்கு இருந்த எரிச்சலும் இழிசொற்களும் வெளியே வந்தன. இன்று ஆய்வுக்கு முன் சம்மதம் வாங்க வேண்டும், பெயர்களை மறைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். ஆராயப்பட்ட சமூகங்களிலிருந்தே மானிடவியலாளர்கள் வந்துவிட்டார்கள். பார்வையும் திரும்பியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் ஓர் உண்மையை எப்படி உருவாக்குகிறார்கள், பங்குச்சந்தை வங்கியாளர்கள் எதை நம்புகிறார்கள் என்றெல்லாம் அதே குறிப்பேட்டோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

1950களையொட்டி நைஜீரியாவின் டிவ் மக்களிடையே தங்கியிருந்தார் லாரா போஹன்னன் என்ற மானிடவியலாளர். மனித இயல்பு எங்கும் ஒன்றுதான், பெரிய சோக நாடகங்கள் எல்லோருக்கும் புரியும் என்று நம்பியவர். மழைக்காலத்தில் வேலை ஓய்ந்து பெரியவர்கள் மது அருந்திக் கதை பேசும்போது, நீயும் உன் ஊர்க் கதை ஒன்று சொல் என்றார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைச் சொன்னார். ராஜா செத்ததும் தம்பி அண்ணியைக் கட்டிக்கொண்டான் என்றதும், சரியாகத்தான் செய்திருக்கிறான், எங்கள் வழக்கமும் அதுதான் என்றார்கள். செத்த ராஜாவின் ஆவி நடந்து வந்தது என்றார். செத்தவர் நடக்க மாட்டார், அது யாரோ சூனியக்காரன் ஏவிய சகுனம் என்று திருத்தினார்கள். ஹாம்லெட்டுக்குப் பைத்தியம் என்றார். பைத்தியம் சூனியத்தால் வரும், அதைச் செய்யக்கூடியவர் அப்பா வழி உறவினர், அப்படியானால் சித்தப்பன்தான் என்று கணக்குப் போட்டார்கள். கதை முடிந்ததும் மூத்தவர் ஒருவர் பாராட்டினார். நல்ல கதை, பெரிய தப்பில்லாமல் சொன்னாய், இன்னும் சில கதைகள் சொல், அவற்றின் உண்மையான அர்த்தத்தை நாங்கள் உனக்குக் கற்றுத் தருகிறோம். ஊர் திரும்பினால் உன் பெரியவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், நீ காட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, விவரம் தெரிந்தவர்களோடு இருந்துவிட்டு வந்திருக்கிறாய் என்று.